பேட்டரி ஆய்வைக் கடைக்குக் கொண்டுவருவது யார்?

கேள்வி: சோடியம் அயனி பேட்டரிக்கான கேத்தோடு (நேர்மின்வாய்) பொருளில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் போகிறேன். மாதத்துக்கு ஒருமுறையாவது 'புரட்சிகரமான புதிய பேட்டரி' என்று செய்தி வருகிறது. ஆனால் கடையில் கிடைப்பதெல்லாம் பெரிய நிறுவனங்கள் செய்யும் லித்தியம் அயனிதான். இடையில் இந்த ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? அவை இல்லாமலே ஆய்வு சந்தைக்கு வந்துவிடாதா?

பதில்:

பெரும்பாலும் வராது. ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்கள் மற்றவர்களைவிட அறிவாளிகள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் நீங்கள் முடித்த வேலைக்கும் தொழிற்சாலை கேட்கும் பொருளுக்கும் நடுவே பத்தாண்டு உழைப்பு கிடக்கிறது. அதில் ஆய்வுக் கட்டுரை எழுத அதிகம் இல்லாததால் பல்கலைக்கழகம் அதைத் தொடுவதில்லை. நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையை நிறுத்தி உங்கள் தூளைச் சோதித்துப் பார்க்கப் பெரிய நிறுவனத்துக்கும் அவசரம் இல்லை. இரண்டு பக்கத்தாரும் கைவைக்காத அந்த நடுவேலைக்காகவே சிறு நிறுவனம் பிறக்கிறது. பல நேரங்களில் வேலை முடிவதற்குள் அது இறந்தும் போகிறது. ஆனால் அது கற்றுக்கொண்டது வேறொருவர் கையில் பிழைத்துக்கொள்கிறது. பேட்டரித் துறையின் கடந்த இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அந்த நடுவேலை என்ன என்பதை உங்கள் மேசையிலிருந்தே பார்க்கலாம். நீங்கள் சோதிப்பது காசு அளவுள்ள காயின் செல். அதில் உள்ள கேத்தோடு பொருள் சில மில்லிகிராம். எதிர்ப்பக்கத்தில் தேவைக்குப் பல மடங்கு சோடியம் உலோகத்தை வைத்திருப்பீர்கள். அயனிகள் கடந்துசெல்லும் திரவமான மின்பகுளியையும் தாராளமாக விட்டிருப்பீர்கள். அந்தத் தாராளம் பல குறைகளை மூடிவிடும். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அயனி பக்க வினைகளில் வீணாகிறது என்றால் கட்டுரையில் அதன் பெயர் '99.9 சதவீதத் திறன்'. பார்ப்பதற்கு முழு மதிப்பெண் போல இருக்கும். ஆனால் உண்மையான செல்லில், இழந்த சோடியத்தை ஈடுகட்ட வெளியிலிருந்து எதுவும் வராது. அங்கே அதே 99.9, ஆயிரம் சுற்றுக்குப் பின் 37 சதவீதக் கொள்ளளவை மட்டுமே மிச்சம் வைக்கும். 99.99 என்றால் 90 சதவீதம் மிஞ்சும். அந்த ஒரு ஒன்பதைச் சேர்ப்பதற்குள் ஒரு நிறுவனத்தின் முதல் முதலீடு முழுவதும் கரைந்துபோனதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கரைவதற்குக் காரணம் ஊதாரித்தனம் அன்று, காலம். மூன்று மணி நேரம் ஏற்றி மூன்று மணி நேரம் இறக்கினால் நாளுக்கு நான்கு சுற்று ஓடும். ஆயிரம் சுற்றுக்கு 250 நாள் ஆகும். மின்பகுளியில் ஒரு சேர்க்கைப் பொருளை மாற்றினால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வெப்பத்தைக் கூட்டிச் சோதனையை விரைவுபடுத்தலாம். ஆனால் சூட்டில் நடக்கும் வினைகள்தான் அறை வெப்பத்திலும் நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கார் நிறுவனமோ எட்டு ஆண்டு உத்தரவாதம் தரவேண்டியிருப்பதால் முழுச் சோதனையையும் கேட்கும். மென்பொருளுக்குப் பழகிய முதலீட்டாளர்கள் இந்தத் துறைக்கு வந்து மனம் நொந்து போவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது பூச்சு. கேத்தோடு தூளைக் கரித்தூளோடும் பசைப்பொருளோடும் சேர்த்துக் கரைப்பானில் கூழாகக் கரைத்து, அலுமினியத் தாளில் பூசி, காயவைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தி எடுக்கிறோம். வீட்டில் நான்கு பேருக்கு மாவு அரைக்கிறவரிடம் கல்யாண வீட்டுப் பந்திக்கு அரைக்கச் சொன்னால், அளவைப் பெருக்கினால் போதும் என்று அவர் ஒருபோதும் நினைக்கமாட்டார். அரைக்கும் நேரம் மாறும், சூடு ஏறும், பொங்குகிற வேகம் மாறும். கூழும் அப்படித்தான். காலையில் கரைத்தது மாலையில் வேறு இறுக்கத்தில் இருக்கும். அறைக் காற்றில் ஈரம் ஏறினால் முழுத் தொகுதியும் கெடும். அதனால்தான் செல் தொழிற்சாலைகளில் பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்கும்படி உலர்ந்த அறைகளைக் கட்டிக் காக்கிறார்கள். அந்த அறையின் மின்கட்டணத்தைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் அதிர்ந்துபோவார்கள்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், ஒரு நல்ல செல்லைச் செய்வதற்கும் ஒரே மாதிரியான கோடி செல்களைச் செய்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. டெஸ்லாவின் தொடக்க கால மாடல் எஸ் காரில் ஏறத்தாழ ஏழாயிரம் சிறிய செல்கள் இருந்தன. பத்தாயிரத்தில் ஒரே ஒரு செல் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு மிகச் சிறிய குறை. கணக்குப் போட்டால், வெளியே போகும் கார்களில் பாதியில் ஒரு பழுதான செல்லாவது இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று என்று இறக்கிக்கொண்டே போகவேண்டும். செய்ததில் தேறியது எவ்வளவு என்பதைத் தொழிற்சாலையில் யீல்ட் என்பார்கள். பேட்டரி நிறுவனங்களின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

லித்தியம் அயனியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஸ்டார்ட்அப் அல்லவே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்சான் நிறுவனத்தில் தொடங்கி வைத்தார். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்எனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டது. 1985இல் அசாஹி கசெய் நிறுவனத்தின் அகிரா யோஷினோ அதைக் கரி ஆனோடுடன் (எதிர்மின்வாய்) இணைத்துப் பாதுகாப்பான செல் வடிவைத் தந்தார். மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல் சோனி. ஆனால் இந்தப் பரிச்சயமான கதையில் இரண்டு சிறு செய்திகள் விடுபட்டுப் போகின்றன. 1986இல் யோஷினோ குழுவின் முதல் தொகுதி செல்களைச் செய்து கொடுத்தது பாஸ்டனில் இருந்த பேட்டரி எஞ்சினியரிங் என்ற மிகச் சிறிய நிறுவனம். ஏறத்தாழ இருநூறு செல்கள். கையால் செய்யப்பட்ட அந்தச் செல்கள்தான் இது காகிதத்தில் மட்டும் ஓடும் யோசனை அன்று என்று நிரூபித்தன. இன்னொரு செய்தி: சோனியிடம் ஒலிநாடா செய்யும் தொழில் இருந்தது. மெல்லிய தாளில் ஒரே சீராகக் கூழைப் பூசிக் காயவைக்கும் எந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆட்களும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். குறுந்தகடு வந்து நாடாவின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தத் திறமைதான் மின்வாய்ப் பூச்சுக்குப் போனது. வாங்குவதற்கும் சோனியிடமே ஆள் இருந்தது. அதன் சொந்த வீடியோ கேமரா. அதாவது நான் சொன்ன நடுவேலைக்கு வேண்டிய பூச்சு, முதல் வாடிக்கையாளர், பொறுமையான பணம் மூன்றும் தற்செயலாக ஒரே கூரையின் கீழ் அமைந்திருந்தன. அந்த அமைப்பு இல்லாத இடத்தில் அதைப் புதிதாகக் கட்டவேண்டியிருக்கிறது. ஸ்டார்ட்அப் செய்ய முயல்வது அதைத்தான்.

இதை முழுமையாகக் காட்டும் கதை ஏ123 சிஸ்டம்ஸ். பேட்டரித் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதை ஊன்றிப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறிய குட்எனஃப் குழு 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. அது மலிவானது, எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் மின்னைக் கடத்தவே மறுத்தது. பலரும் அதை மெதுவான பொருள் என்று ஒதுக்கினார்கள். 2001இல் எம்ஐடி பேராசிரியர் யெட்-மிங் சியாங் இருவருடன் சேர்ந்து ஏ123 நிறுவனத்தைத் தொடங்கினார். நுண்துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பைக் கணக்கிடும் ஹாமேக்கர் மாறிலியின் குறியீடுதான் அந்தப் பெயர். தன்னைத் தானே அடுக்கிக்கொள்ளும் பேட்டரி செய்வதே தொடக்கத் திட்டம். அது கைகூடவில்லை. இதற்கிடையில் சியாங் ஆய்வகத்தில் பாஸ்பேட்டின் கடத்துதிறனைப் பெரிதும் கூட்டும் வழி கிடைத்தது. 2002இல் அந்தக் கட்டுரை வந்தது. அதன் விளக்கம் சரியா என்று அறிஞர்களிடையே வாதம் நடந்துகொண்டிருந்தபோதே நிறுவனம் துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கி, வேகமாக ஏற்றி இறக்கும் செல்லைச் செய்துவிட்டது. தொடங்கிய அறிவியல் ஒன்று, விற்ற பொருள் வேறு. இப்படித் திரும்புவதற்குப் பெரிய நிறுவனத்தில் எத்தனை குழுக்களின் ஒப்புதல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் வாடிக்கையாளர் யார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. கார் நிறுவனம் அன்று. பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தின் டிவால்ட் கம்பியில்லாக் கருவிகள். துளையிடும் எந்திரத்துக்கு ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் வேண்டும். பேட்டரி கொஞ்சம் விலை கூடினாலும் கட்டடத் தொழிலாளி பொறுத்துக்கொள்வார், வேலை வேகமாக முடிந்தால் போதும். எட்டு ஆண்டு உத்தரவாதம் கேட்கமாட்டார். 2006 வாக்கில் அந்தக் கருவிகள் கடைக்கு வந்தன. சீனாவிலும் கொரியாவிலும் தொழிற்சாலை, கோடிக்கணக்கில் செல், தேறிவரும் யீல்ட். அந்த இடம்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

பிறகு கார். 2009இல் அமெரிக்க அரசு 24.9 கோடி டாலர் மானியம் தந்தது. அதே ஆண்டு பங்குச் சந்தையில் ஏறத்தாழ 38 கோடி டாலர் திரண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வோல்ட் காருக்கு எல்ஜி கெம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஏ123 மிச்சிகன் மாநிலத்தில் பெரிய ஆலையைக் கட்டி, ஃபிஸ்கர் என்ற இன்னொரு இளம் கார் நிறுவனத்தை நம்பி நின்றது. 2012 மார்ச்சில் லிவோனியா ஆலையில் செய்த செல்களில் பழுது வெளிப்பட்டது. காரணம் அளவு சரியாக அமைக்கப்படாத ஒரு பற்றவைப்பு எந்திரம். எம்ஐடியின் வேதியியலில் எந்தப் பிழையும் இல்லை. ஒரு வெல்டிங் எந்திரம்! செல்களை மாற்றிக் கொடுக்க ஏறத்தாழ 5.5 கோடி டாலர் ஆகும் என்று அறிவித்தார்கள். அக்டோபரில் திவால் மனு. 2013 தொடக்கத்தில் சீனாவின் வான்சியாங் குழுமம் நிறுவனத்தின் பெரும்பகுதியை 25.7 கோடி டாலருக்கு வாங்கியது.

அமெரிக்காவில் இதை வீணாய்ப்போன வரிப்பணம் என்று எழுதினார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'மெதுவான பொருள்' என்று ஒதுக்கப்பட்ட பாஸ்பேட்டால் வேகமான கருவிகளை ஓட்ட முடியும் என்று சந்தையில் காட்டியது இந்த நிறுவனம். பிஒய்டி போன்ற சீன நிறுவனங்கள் தம் வழியில் தனியாக அதே பொருளை வளர்த்தன. அந்தப் பெருமையை ஏ123க்குக் கொடுப்பது நியாயம் அன்று. ஆனால் 2024இல் உலக மின்கார்களின் பேட்டரிகளில் கிட்டத்தட்டப் பாதி இந்த இரும்பு பாஸ்பேட் வகை என்பதைப் பார்க்கும்போது, பந்தயம் கட்டியவர்களின் அறிவியல் கணிப்பு தவறவில்லை என்று தெரிகிறது. தவறியது வாடிக்கையாளர்களைப் பிடித்த வரிசை. துளைக்கும் கருவியிலிருந்து காருக்குத் தாவிய தூரமும், அந்தத் தாவலுக்கு ஒரே வாடிக்கையாளரை நம்பியதும்.

இதே வரிசையைச் சரியாகப் பிடித்தவர்களும் உண்டு. 1999இல் ஹாங்காங்கில் தொடங்கிய ஏடிஎல் நிறுவனம் பாலிமர் லித்தியம் செல்லுக்கான காப்புரிமையை அமெரிக்காவிலிருந்து உரிமம் பெற்று வாங்கியது. செய்துபார்த்தால் சில சுற்றுகளிலேயே செல் உப்பிக்கொண்டது. உரிமம் கொடுத்தவர்களிடமும் அதற்குத் தீர்வு இல்லை. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான செங் யூசுன் குழு மின்பகுளியின் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்துத் தாங்களே தீர்த்துக்கொண்டது. பிறகு கையடக்கக் கருவிகளுக்கு விற்று வளர்ந்தது. 2005இல் ஜப்பானின் டிடிகே அதை வாங்கியது. 2011இல் வாகன பேட்டரிப் பிரிவு தனியாகப் பிரிந்தது. இன்று உலகின் மிகப் பெரிய பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் அதுதான். காப்புரிமைப் பத்திரத்துக்கும் உப்பாத செல்லுக்கும் இடையில் இருந்த அந்தச் சில மாத மின்பகுளி வேலைதான் நான் சொல்லும் நடுவேலை. காப்புரிமை யாரிடம் இருந்தது என்பது இன்று யாருக்கும் நினைவில்லை.

சமீப காலத்தில் சிலா நானோடெக்னாலஜிஸ். டெஸ்லாவின் தொடக்க கால ஊழியர் ஜீன் பெர்டிசெவ்ஸ்கியும் ஜார்ஜியா டெக் பேராசிரியர் கிளெப் யூஷினும் இன்னொருவரும் சேர்ந்து 2011இல் தொடங்கினார்கள். ஆனோடில் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கன். சிலிக்கன் மின்னேற்றத்தின்போது பல மடங்கு வீங்கும். அதைக் கட்டுக்குள் வைப்பதுதான் அவர்கள் திறமை. பத்து ஆண்டுக்குப் பிறகு, 2021இல் வந்த முதல் பொருள் வூப் என்ற மணிக்கட்டுப் பட்டை. ஓட்டக்காரர்கள் கட்டிக்கொள்வது. பேட்டரி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. விலையில் பேட்டரியின் பங்கு மிகக் குறைவு என்பதால் சிலிக்கனின் கூடுதல் செலவு அங்கே உறுத்தாது. இவர்கள் எடுத்த இன்னொரு முடிவும் முக்கியமானது. செல் செய்யப் போகவில்லை. மற்றவர்களின் வரிசையில் கிராஃபைட் தூள் போகும் இடத்தில் அப்படியே போடக்கூடிய தூளை மட்டும் செய்கிறார்கள். முழுத் தொழிற்சாலை கட்டும் சுமை இதனால் குறைகிறது. உங்களைப் போல பொருளை ஆராய்கிறவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

எதிர் உதாரணம் வேண்டுமென்றால் நார்த்வோல்ட். 2016இல் சுவீடனில் தொடங்கி, கடனும் முதலீடுமாக 1,500 கோடி டாலர் அளவுக்குத் திரட்டி, பொருள், செல், மறுசுழற்சி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் போனது. 2024 ஜூனில் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை விலக்கிக்கொண்டது. 2025 மார்ச்சில் சுவீடனில் திவால். தெரிந்த வேதியியல்தான், பணமும் இருந்தது, யீல்ட் வரவில்லை.

பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டால் கரையேறிவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. பெர்க்லியில் திடப் பாலிமர் செல்லோடு தொடங்கிய சீயோ நிறுவனத்தை 2015இல் பாஷ் வாங்கியது. செல்லே செய்யப்போவதில்லை என்று 2018இல் பாஷ் முடிவெடுத்தது. சீயோவின் கதை அத்தோடு முடிந்தது. வாங்குகிறவரின் மனமாற்றமும் ஓர் இடர்தான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கொடிய எதிரி விலைச் சரிவு. 2010இல் லித்தியம் அயனித் தொகுதியின் விலை ஒரு கிலோவாட்-மணிக்கு ஆயிரம் டாலருக்கும் மேல். 2024இல் 115 டாலர். புதியவர் ஒருவர் பழையதைவிட மலிவாகச் செய்வேன் என்று கிளம்பிப் பத்தாண்டு உழைத்து வந்து சேரும்போது, பழையது அவர் இலக்கைத் தாண்டிக் கீழே போய்விட்டிருக்கிறது. கார்னகி மெலன் பேராசிரியர் ஜே விட்டேக்கர் 2008இல் தொடங்கிய அக்வியான் நிறுவனத்துக்கு நடந்தது இதுதான். உப்புநீர் மின்பகுளி, நச்சில்லை, தீப்பிடிக்காது. பிட்ஸ்பர்க் அருகே, முன்பு சோனி தொலைக்காட்சி செய்த கட்டடத்தில் ஆலை. மனத்துக்கு நிறைவான பொறியியல். 2017 மார்ச்சில் திவால். எம்ஐடி பேராசிரியர் டொனால்ட் சாடோவேயின் திரவ உலோக பேட்டரியோடு 2010இல் தொடங்கி, பில் கேட்ஸ் உள்ளிட்டோர் பணத்தோடு வளர்ந்த ஆம்ப்ரியும் 2024 மேயில் திவால் மனு கொடுத்தது. உங்கள் துறைக்கே வருகிறேன். ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2012இல் பிறந்து, சோடியம் அயனியில் உற்பத்திவரை வந்துவிட்ட நேட்ரான் 2025 செப்டம்பரில் கதவை மூடியது. 2022இல் உச்சத்தில் இருந்த லித்தியம் விலை இரண்டே ஆண்டில் விழுந்தது சோடியத்தை நம்பியவர்கள் அனைவருக்கும் விழுந்த அடி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்வியானில் பணியாற்றிய டெட் வைலி, ஏ123 தொடங்கிய சியாங், டெஸ்லாவில் மின்சேமிப்பைக் கவனித்த மட்டேயோ ஹராமியோ ஆகியோர் இன்னும் இருவருடன் சேர்ந்து 2017இல் தொடங்கியதுதான் ஃபார்ம் எனர்ஜி. லித்தியம் அயனியோடு நேருக்கு நேர் மோதக்கூடாது என்பது அவர்கள் பட்டுத் தெரிந்த பாடம். ஆகவே நூறு மணி நேரம் மின்சாரம் தரும் இரும்பு-காற்று பேட்டரியை எடுத்தார்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் துரு மறுபடி இரும்பாகும். 1970களிலேயே ஆராய்ந்து கைவிடப்பட்ட வேதியியல். கனமானது, ஆற்றலில் கணிசமான பங்கை வீணாக்குவது. காருக்குச் சற்றும் உதவாது. ஆனால் மூன்று நாள் காற்று வீசாவிட்டால் காற்றாலை மின்சாரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு லித்தியத்தில் கட்டுப்படியாகும் பதில் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் வீர்ட்டன் நகரில், பழைய எஃகு ஆலை இருந்த இடத்தில் அவர்கள் தொழிற்சாலை கட்டியிருக்கிறார்கள். வெல்வார்களா என்பதைக் காலம் சொல்லும். ஆனால் இறந்த நிறுவனங்களின் அனுபவம் புதைந்துபோவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பொறுமைக்கு ஒரு சான்றும் சொல்லவேண்டும். 2010இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பிறந்த குவாண்டம்ஸ்கேப், இரு மின்வாய்களுக்கும் நடுவே பீங்கான் பிரிப்பானை வைத்துத் திட பேட்டரி செய்ய முயல்கிறது. 2012 முதல் ஃபோக்ஸ்வாகன் பணம் போட்டு வருகிறது. முதல் மாதிரிச் செல்கள் கார் நிறுவனங்களுக்குப் போனது 2022 முடிவில். அடுத்த நிலையான பி மாதிரி 2024இல். பதினான்கு ஆண்டு! பத்தாண்டில் கணக்கை முடிக்கவேண்டிய வழக்கமான முதலீட்டு நிதி எதுவும் இதைத் தாங்காது. தாங்கியது, பேட்டரி தனக்கே தேவைப்படும் ஒரு கார் நிறுவனம்.

இனி நம் ஊர். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதை அங்கே வரவழைத்தார். 1953இல் அது திறக்கப்பட்டபோது லித்தியம் அயனி என்ற சொல்லே பிறக்கவில்லை. லித்தியம் அயனி செல்லை முழுக்க உள்நாட்டிலேயே செய்யும் முறையை அதே ஆய்வகம் பின்னர் உருவாக்கியது. 2018 ஜூனில் அந்தத் தொழில்நுட்பத்தை ராசி சோலார் நிறுவனத்துக்கு மாற்றித் தர ஒப்பந்தமும் ஆனது. அறிவு இருந்தது, வாங்க முன்வந்தவரும் இருந்தார். இருந்தும் இன்றுவரை நம் மின்ஸ்கூட்டர்களில் உள்ள செல்களில் பெரும்பகுதி இறக்குமதிதான். ஐஐடி மெட்ராஸில் படித்தவர்கள் 2013இல் தொடங்கி ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏதர் நிறுவனமும் செல்லை வெளியிலிருந்து வாங்கி, பேட்டரித் தொகுதியைத் தானே வடிவமைக்கிறது. அது அறிவுள்ள தேர்வு. ஆனால் செல் என்ற நடுத்துண்டு நம்மிடம் இன்னும் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கிறது.

2021இல் மத்திய அரசு மேம்பட்ட செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. 50 கிகாவாட்-மணி இலக்கு. ஒரு விண்ணப்பதாரர் குறைந்தது 5 கிகாவாட்-மணி ஆலை கட்டவேண்டும். எனக்கு இதில் உள்ள வருத்தத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு கிராமிலிருந்து ஒரு டன்னுக்குப் போக முயலும் பத்துப் பேர் கொண்ட நிறுவனத்துக்கு இந்தத் திட்டத்தில் நுழைய வாசலே இல்லை. ரிலையன்ஸ் நிறுவனம் பிரிட்டனின் ஷெஃபீல்டில் வளர்ந்த ஃபாரடியான் என்ற சோடியம் அயனி நிறுவனத்தை 10 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. வாங்கியதில் தவறில்லை. ஆனால் அப்படி ஒரு நிறுவனம் காரைக்குடியிலோ தரமணியிலோ ஏன் வளரவில்லை என்று நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். பிரிட்டனில் 2021இல் கவென்ட்ரி நகரில் அரசுப் பணத்தில் ஒரு பொது உற்பத்தி வரிசையைத் திறந்தார்கள். எந்தச் சிறு நிறுவனமும் தன் தூளைக் கொண்டுபோய், வாடகை கொடுத்து, உண்மையான வேகத்தில் பூசி, உருட்டி, செல் செய்து பார்க்கலாம். உலர் அறையைச் சொந்தமாகக் கட்டவேண்டியதில்லை. அப்படி ஒன்று தமிழ்நாட்டில் இருந்தால், நான் மேலே சொன்ன பத்தாண்டில் மூன்று நான்கு ஆண்டாவது மிச்சமாகும் என்பது என் கணிப்பு.

நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, ஐஐடி மெட்ராஸில் முனைவரான அருமுகம் மந்திரம், 1980களில் குட்எனஃபோடு சேர்ந்து செய்த ஆய்வு பாஸ்பேட் கேத்தோடுகளுக்கு வழி திறந்தது. 2019இல் குட்எனஃப் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் அவர்தான். அத்தனை பெருமைக்குப் பிறகும், கோபால்ட் இல்லாத கேத்தோடைச் சந்தைக்குக் கொண்டுபோகத் தன் மாணவர்களோடு சேர்ந்து டெக்ஸ்பவர் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். கட்டுரை வெளியிட்டால் தொழில்துறை தானாக எடுத்துக்கொள்ளும் என்று அவரும் காத்திருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: நிறுவனம் தொடங்கலாமா, வேலைக்குப் போகலாமா என்ற முடிவைப் பிறகு எடுங்கள். பட்டம் வாங்குவதற்குமுன், ஆய்வகம் கையில் இருக்கும்போதே, உங்கள் பொருளை ஒரு கிலோ செய்து பாருங்கள். மூன்று தனித்தனித் தொகுதிகளாக. அவற்றில் ஒன்றை உங்கள் குறிப்பை மட்டும் வைத்து இன்னொரு மாணவர் செய்யட்டும். மூன்றும் ஒன்றுபோல் வருகின்றனவா என்று பாருங்கள். சோடியம் உலோகத்தை எடுத்துவிட்டு, கடின கரி ஆனோடு வைத்து, அளவான மின்பகுளியோடு முழுச் செல் செய்து ஓட்டுங்கள். உங்களுடையது அடுக்கு ஆக்சைடு என்றால் இன்னொன்றும் செய்யவேண்டும். தூளை ஒரு நாள் திறந்த காற்றில், நம் ஊர் ஈரத்தில் வைத்துவிட்டு, மறுநாள் வழக்கமான பசைப்பொருளோடு கூழ் கரையுங்கள். காற்றின் ஈரமும் கரியமிலவாயுவும் சேர்ந்து துகளின் மேற்பரப்பில் காரத்தை உண்டாக்கும். அந்தக் காரம் பசையைத் தாக்கினால் கூழ் சில மணி நேரத்தில் ஜெல்லாக இறுகிவிடும், தாளில் பூசவே முடியாது. இறுகினால் மனம் தளராதீர்கள். அதை இறுகாமல் செய்வதுதான் நீங்கள் தொடங்கப்போகும் நிறுவனத்தின் முதல் இரண்டு ஆண்டு வேலை.